சித்தப்பா ஊற்றிய ஆயில்

எங்கள் ஊர் பட்டிவீரன்பட்டி. தாண்டிக்குடிப் பக்கத்து மலைகளில் விளையும் காபிக்கொட்டை காலங்காலமாக எங்கள் ஊர்க் களங்களில்தான் வந்து இறங்கும். அப்பா ஒரு காபிக் கம்பெனிக்குக் கொள்முதல் பார்த்தார். கார்த்திகை பிறந்து பழம் சிவக்கத் தொடங்கிவிட்டால் தை முடியும்வரை அவருக்கு வீட்டில் கால் தங்காது. அய்யம்பாளையம் தாண்டி மலையேறி, தோட்டம் தோட்டமாகப் போய், கழுவிக் காயவைத்த பார்ச்மென்ட் கொட்டையை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்து ஈரம் பார்த்து, விலை பேசி முடித்துவிட்டு இருட்டிய பிறகு இறங்குவார். இத்தனைக்கும் ஒரே வண்டிதான். திருவொற்றியூரில் செய்த 350 சிசி புல்லட்.

பழைய மாதிரி வண்டி அது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டர். கணக்குப் போட்டால் 346 சிசி. 18 குதிரைத்திறன். இன்றைக்கு 150 சிசி வண்டியே அந்தத் திறனைத் தொட்டுவிடும். ஆனால் இரண்டு பேரையும் ஒரு மூட்டை மிளகையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே முக்காமல் ஏறுகிற இழுவை அந்த நீண்ட ஓட்டத்தில்தான் இருந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் வரைந்த எஞ்சின். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டன. ரெட்டிச்சில் கதவைச் சாத்திப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் வடசென்னையில் அதே வார்ப்பிரும்பு சிலிண்டரை வார்த்துக்கொண்டிருந்தார்கள். 2010 வாக்கில்தான் அது நின்றது.

அப்பாவுக்கு அந்த எஞ்சினோடு ஒரு வழக்கம் இருந்தது. மலைக்குக் கிளம்பும்போது அவர் ஆயில் பார்த்து நான் கண்டதில்லை. திரும்பி வந்ததும்தான் பார்ப்பார். வண்டியை வாசலில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். உள்ளே போய் முகம் கழுவி, அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுத் தோளில் துண்டோடு வெளியே வருவார். சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் ஆயில் மூடியைத் திருகி எடுத்தால் அதனோடு அளவுக் கம்பியும் சேர்ந்து வரும். துண்டில் துடைப்பார், மறுபடி விட்டு எடுப்பார், தெருவிளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பெரும்பாலும் அப்படியே மூடிவிடுவார். எப்போதாவது ஒரு கால் டம்ளர் ஊற்றுவார். அவ்வளவுதான். காலையில் பார்க்காமல் ராத்திரியில் ஏன் பார்க்கிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அது அவருடைய நேரம் என்று விட்டுவிட்டோம்.

அப்பா போன பிறகு புல்லட் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் நின்றது. நான் சென்னையில் வேலையில் இருந்தேன். வண்டியை விற்க அம்மாவுக்கு மனமில்லை, ஓட்ட வீட்டில் ஆளில்லை. அடுத்த தெருவில் இருந்த சித்தப்பாதான் அதைப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க டிவிஎஸ் 50 ஓட்டியவர். அது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் வேலை முடிந்தது. அளவுக் கம்பி, ஆயில் பம்ப் என்று எதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டி வந்ததே இல்லை. புல்லட்டை உதைத்துக் கிளப்பவும் அவருக்குத் தெரியாது. ஒருமுறை முயன்றபோது கிக்கர் திருப்பியடித்துக் கணுக்கால் வீங்கியதோடு விட்டுவிட்டார். ஆனால் அண்ணனின் வண்டி கேட்பாரற்றுக் கிடக்கக் கூடாது என்று வாராவாரம் வந்து துடைப்பார். டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அண்ணன் பார்ப்பதை அவரும் பார்த்திருக்கிறார் அல்லவா, அதே மாதிரி ஆயில் மூடியைத் திறந்து கம்பியையும் பார்ப்பார்.

ஒவ்வொரு தடவையும் கம்பியில் ஆயில் கொஞ்சம் கீழே போயிருந்தது. ஓடாத வண்டியில் ஆயில் குறைகிறதே என்று அவருக்குப் பயம். கடைக்குப் போய் 20-டபிள்யூ-50 ஆயில் டப்பா ஒன்று வாங்கி வந்து, குறைந்த அளவை நிரப்பினார். அடுத்த சில வாரங்களில் மறுபடியும் குறைந்தது. மறுபடியும் நிரப்பினார். கொட்டகைத் தரையில் ஒரு சொட்டு இல்லை என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். அது அவரை இன்னும் குழப்பியிருக்கிறது. போனில் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “வண்டி நல்லா இருக்குப்பா, ஆயில் மட்டும் அப்பப்ப காய்ஞ்சிருது, நான் ஊத்திக்கிட்டு வர்றேன்.”

அறுவடைக் காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். புல்லட்டை எடுத்துக்கொண்டு தாண்டிக்குடிக்குப் போய், அப்பாவுக்குத் தெரிந்த தோட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம். புதிய பெட்ரோல் ஊற்றி, பேட்டரியைச் சார்ஜ் போட்டு, சாவியைத் திருப்பினேன். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து இம்மி தாண்டவைத்து உதைக்க வேண்டும். அப்பா கற்றுக் கொடுத்தது, கால் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கிக்கர் கனத்தது. டீகம்ப்ரஸரைப் பிடித்திருந்தபோதும் உள்ளே எதிலோ புதைந்து சுற்றுவது போலத்தான் பாதத்துக்குத் தெரிந்தது.

கிளம்பியது. கிளம்பியதும் சைலன்சரிலிருந்து நீலம் பாய்ந்த வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க நிறைந்தது. தொழுவத்தில் மாடு கயிற்றை இழுத்தது. சித்தப்பா துண்டால் புகையை விசிறிக்கொண்டே, “ரொம்ப நாள் நின்னதுல்ல, அதான்” என்றார். கொஞ்ச நேரத்தில் புகை மட்டுப்பட்டது. சத்தமும் பழைய சத்தம்தான். வெளியே எடுத்தேன்.

அய்யம்பாளையம் போகிற வழியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வளைவு. வேகமும் இல்லை. ஆனால் சாய்ந்த கணத்தில் பின்சக்கரம் என்னைக் கேட்காமல் வெளிப்பக்கம் நகர்ந்தது. காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தின் இடதுபக்கம் முழுவதும் ஈரம். செயின் ஆயிலில் குளித்திருந்தது. செயின் கார்டின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, ரிம்மில் பரவி, டயரின் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வண்டியில் செயின் பல்சக்கரமும் பின்பிரேக் டிரம்மும் இடதுபக்கம் ஒன்றாகவே இருக்கும். அந்த நிலையில் மலையேறியிருந்தால் இறங்கும்போது என்ன நடந்திருக்கும் என்பதை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. ஆயில் அதிகமானால் எஞ்சினுக்கு என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, மிஞ்சிய ஆயில் எந்த வழியாக வெளியே வருகிறது, எதன்மேல் விழுகிறது என்பதுதான். பிஸ்டன் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே பழைய புல்லட்டுகளை மட்டுமே பார்க்கிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்குப் பழக்கம். பார்த்ததும், “அய்யா வண்டியா?” என்று டேங்கில் கைவைத்தார். ஆயில் மூடியைத் திறந்து கம்பியைப் பார்த்தார். மேல்கோடு ஆயிலுக்குள் முழுகி, கம்பியின் கழுத்து வரைக்கும் மினுமினுத்தது. ஸ்பேனரை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“எத்தனை மாசம் நின்னுச்சு தம்பி? நிக்கும்போது யாரு ஆயில் ஊத்துனா?”

அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம். கடையில் அதிகம் ஊற்றிவிட்டார்களா என்று கேட்கவில்லை. நிற்கும்போது ஊற்றியது யார் என்று நேராகவே வந்துவிட்டார். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய், ஓரத்தில் கிடந்த ஒரு பழைய கிராங்க் கேஸின் பாதியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

அந்த அலுமினிய வார்ப்பில் இரண்டு அறைகள் இருப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். முன்னறையில் கிராங்க்கும் இரண்டு கனத்த பிளைவீல்களும் சுற்றும். பின்னறைதான் ஆயில் டேங்க். நாம் மூடியைத் திறந்து ஊற்றுவதும் கம்பி விட்டுப் பார்ப்பதும் அந்தப் பின்னறையில் மட்டும். எஞ்சினின் வலதுபக்க மூடியில் இரண்டு ஆயில் பம்புகள். ஒன்று பின்னறையிலிருந்து ஆயிலை எடுத்துக் கிராங்க்குக்குள் செலுத்தும். அங்கே கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் புஷ்ஷை நனைத்துவிட்டு அது முன்னறையின் அடியில் விழும். இன்னொரு பம்ப் அதை உறிஞ்சி எடுத்துத் திருப்பி அனுப்பும். திருப்புகிற பம்ப் கொடுக்கிற பம்பைவிடப் பலமானது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்வரை முன்னறை கிட்டத்தட்டக் காலியாகவே இருக்க வேண்டும். பிளைவீல் ஆயிலில் முழுகிச் சுற்றக் கூடாது.

“ஓடும்போது சரி. நின்னுட்டா?” என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். நின்றுவிட்டால் இரண்டு பம்பும் நிற்கும். பம்புக்குள் தேய்மானத்தால் ஏற்பட்ட மயிரிழை இடைவெளி வழியாகப் பின்னறையின் ஆயில் இறங்கத் தொடங்கும். கிராங்க்கின் துளைகள் வழியாகக் கசிந்து முன்னறையில் சேரும். ஒரு ராத்திரியில் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நின்றால் பின்னறை வற்றி, அந்த ஆயில் முழுவதும் முன்னறையில் தேங்கியிருக்கும்.

“ஆயில் எங்கேயும் போகலை தம்பி. பக்கத்து ரூமுக்குப் போயிருக்கு. கம்பிக்கு அந்த ரூம் தெரியாது.”

சித்தப்பாவின் கொட்டகைத் தரையில் ஏன் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பதும், அப்பா ஏன் மலையிலிருந்து இறங்கிக் காபி குடித்த பிறகே கம்பியைப் பார்த்தார் என்பதும் அந்த இரண்டு வாக்கியத்தில் எனக்கு விளங்கிவிட்டன. ஓடி முடித்த எஞ்சினில் திருப்புகிற பம்ப் தன் வேலையைச் செய்து, இருக்கிற ஆயிலெல்லாம் பின்னறைக்கு வந்திருக்கும். அந்த நேரத்துக் கம்பிதான் உண்மை சொல்லும். காலையில் பார்த்தால், அதுவும் பல நாள் நின்ற வண்டியில் பார்த்தால், அது காட்டுவது பாதிக் கணக்கு. அப்பாவுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, இதே மேஸ்திரியாகவும் இருக்கலாம். கேட்க மறுபடியும் மறுபடியும் நினைத்துக் கேட்கவில்லை. இருவரில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரியாமல் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். எஞ்சின் இன்னும் சூடாகத்தான் இருந்தது. சூட்டில்தான் ஆயில் முழுசாக இறங்கும். அடியில் இரண்டு தட்டுகளை வைத்தார். முதலில் முன்னறையின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். ஓடி நின்ற நல்ல எஞ்சினில் அங்கிருந்து கொஞ்சம்தான் வர வேண்டும். வந்தது நிற்கவே இல்லை. பின்னறையும் நிரம்பி, வேறு இடமில்லாமல் மிச்சம் முன்னறையிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு பின்னறையைத் திறந்தார். இரண்டு தட்டையும் சேர்த்து லிட்டர் குவளையில் அளந்தபோது 3 லிட்டருக்கு மேல் இருந்தது. ரோட்டிலும் டயரிலும் போனது அந்தக் கணக்கில் இல்லை. இந்த எஞ்சினுக்கு வேண்டியது 2.25 லிட்டர்.

அளந்த ஆயிலைக் கையில் தொட்டுக் காட்டினார். அதில் நுரை இருந்தது. பிளைவீல் ஆயிலை அடித்து அடித்துக் காற்றைக் கலந்துவிடுகிறது. காற்றுக் கலந்த ஆயில் போய்ச் சேர்கிற இடத்தில் படலமாக நிற்காது. இந்தப் பழைய எஞ்சினில் கனெக்டிங் ராடுக்கு உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அது ஆயில் படலத்தின் மேலேயே உயிர் வாழ்வது. ஆயில் குறைந்தால் புஷ் போய்விடும் என்ற பயத்தில்தான் புல்லட்காரர்கள் கை தாராளமாக ஊற்றுகிறார்கள். அந்தத் தாராளமே நுரையாகி அதே புஷ்ஷுக்குப் போகிறது.

மற்றபடி சேதம் இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலேறிய ஆயில் எரிந்து பிளக்கில் கரியாகப் படிந்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறும்போது கிளட்ச் பக்கத்து ஆயில் சீலைத் தள்ளிவிடும், எஞ்சின் ஆயில் அந்தப் பக்கமும் போய்க் கிளட்ச் வழுக்கும் என்று சொல்லி, ஒற்றை நட்டில் நிற்கிற அந்தப் பெரிய மூடியின் அளவுத் திருகையும் கழற்றிப் பார்த்தார். அங்கே அளவு சரியாக இருந்தது. ஆயில் வெளியேறிய வழி ப்ரீதர் குழாய். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸ் மூச்சு விடுவதும், ஏறும்போது வெளிக்காற்று உள்ளே போகாமல் மூடிக்கொள்வதும் அதன் முனையில் இருக்கிற தட்டையான ரப்பர் செய்கிற வேலை. அது வயதாகி விறைத்துப் போயிருந்தது. அதை மாற்ற வேண்டும், ஆனால் நல்ல ரப்பர் வத்தலக்குண்டில் கிடைக்காது, சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் தேடிப் பார் என்றார்.

ஃபெல்ட் ஃபில்டரைப் புதிதாகப் போட்டார். டிரெயின் போல்ட்டுகளைப் புது வாஷரோடு, கையை அளந்து இறுக்கினார். அலுமினியத்தில் இரும்பு போல்ட்டை வீராப்பாக இறுக்கி மரையைத் தின்றுவிட்டவர்களைப் பற்றி அவரிடம் ஒரு பெரிய பட்டியலே உண்டு. புது ஆயில் 2 லிட்டர் மட்டும் ஊற்றினார். சந்து பொந்துகளில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கியே இருக்கும், எடுத்த எடுப்பில் முழு அளவையும் ஊற்றினால் மறுபடியும் அதே கதைதான் என்றார். வண்டியைக் கிளப்பி, சிலிண்டர் தலைக்கு ஏறும் மெல்லிய ஆயில் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினார். துடிப்புத் துடிப்பாக ஆயில் எட்டிப் பார்த்தது. பம்ப் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இறுக்கிவிட்டு, ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நடு ஸ்டாண்டு போட்டு, ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டுக் கம்பியைப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் இடையில், மேல்கோட்டை ஒட்டி நின்றது. “இதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்” என்றார்.

பின்சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்ததுதான் நீண்ட வேலை. செயினையும் ரிம்மையும் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். டயரில் மட்டும் மண்ணெண்ணெய் படவிடவில்லை. சோப்புத் தண்ணீரும் நார்த் தேய்ப்பானும்தான். பிரேக் டிரம்மைத் திறந்து கட்டைகளில் ஆயில் ஏறவில்லை என்று காட்டிய பிறகே மாட்டினார்.

இதற்குள் சித்தப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். நான் போனில் விவரம் சொல்லவில்லை, வத்தலக்குண்டில் இருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். கடையின் ஓரத்தில் நின்று இரண்டு தட்டுகளையும் பார்த்தார். எதுவும் கேட்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. “நான் ஊத்துனதா?” என்றார்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஸ்டூலை எடுத்துப் போட்டு, “உக்காருங்க வாத்தியாரே” என்றார். பிறகு எனக்குக் காட்டிய அதே கிராங்க் கேஸ் பாதியை அவர் மடிப்பக்கம் நகர்த்தி, எனக்குச் சொன்னதை இன்னும் நிதானமாக, முதலிலிருந்து சொன்னார். சித்தப்பா மாணவனைப் போலக் கேட்டார். இடையில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். வருஷக்கணக்கில் நின்றால் பின்னறை முழுசாகக் காலியாகிவிடுமா என்பது ஒன்று. அப்படியானால் நிற்கிற வண்டியில் எப்படித்தான் அளவு பார்ப்பது என்பது இன்னொன்று.

“நிக்கிற வண்டில பாக்கவே கூடாது. ஒண்ணு, ஓட்டிட்டுப் பாருங்க. இல்லாட்டி முன்னறைய இறக்கி அளந்து, அதைப் பின்னறைல ஊத்திட்டுப் பாருங்க” என்றார் மேஸ்திரி. பிறகு என்னைப் பார்த்து, “அய்யாவோட தம்பி இத்தனை நாள் தொடைச்சு, திறந்து பாத்திருக்காரு. அதனாலதான் டேங்குல ஒரு பொட்டுத் துரு இல்ல, மூடி மரை இறுகல. ஆறு மாசம் எட்டிப் பாக்காத வண்டிதான் எனக்கு வரும், அதுல ஒண்ணும் மிஞ்சாது” என்றார். அவர் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. தொழிலில் பார்த்ததைச் சொன்னார்.

இப்படி அளவு மீறுவது புல்லட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். காரணம்தான் வேறு. நம் ஊர்களில் ஓடும் 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஆயில் மாற்றும்போது ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது. கடையில் பலர் வாங்குவதோ ஒரு லிட்டர் டப்பா. மிச்சத்தை என்ன செய்வது, காசு கொடுத்தது வீணாகிறதே என்று டப்பாவைக் கவிழ்த்துவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த எஞ்சின்களில் ஆயில் தனியறையில் இல்லை. கிராங்க்கும் கியரும் கிளட்ச்சும் எல்லாம் ஒரே தொட்டியில். ஆகவே மிஞ்சியது நேராகக் காற்று வடிகட்டிப் பக்கம் போய் அதை நனைக்கும், வண்டி இழுவையில் மந்தமாகும், பெட்ரோல் குடிக்கும். அளவு பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. அந்த வண்டிகள் பலவற்றில் மூடியைத் திருகாமல் வாயில் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். புதிய புல்லட்டுகளில் கம்பியே இல்லை, பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி. வண்டி நேராக நின்றால் ஆயில் எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் பார்க்கிற நேரமும் நிறுத்துகிற விதமும் அதன் கையேட்டில் எழுதியிருக்கும். வண்டியோடு வரும் அந்தச் சிறு புத்தகத்தை நம் வீடுகளில் ஆர்சி புத்தகத்தோடு சேர்த்துப் பீரோவில் பூட்டிவிடுகிறோம்.

கசிவையே நிறுத்திவிட வழியில்லையா என்று நான் கேட்டேன். ஆயில் போகும் பாதையில் ஒரு திருகு வால்வு வைத்துவிட்டு, நிறுத்தும்போது மூடலாமே என்று தோன்றியது. சில பேர் வைக்கிறார்கள் என்றார் மேஸ்திரி. அவர் வைப்பதில்லை. மூடியதைத் திறக்க மறந்து கிளப்பினால் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு ஆயில் போகாது. தெரு தாண்டுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். “மறக்காத மனுசன் யாரு இருக்கா? கசியட்டும். கசியுறது அதுக்கு வியாதி இல்ல. வாரத்துல ஒரு நாள் ஓட்டுங்க, அதுவே எடுத்துப் பின்னால போட்டுக்கும்.” ஒரு பழைய எஞ்சினின் சுபாவத்தைத் திருத்துவதைவிட அதற்கேற்ப நம் பழக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் சரி என்ற அந்த முடிவை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அளவு தெரியாத ஆயிலைவிட மூடிய வால்வு கொடியது.

இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற அவர் விடுவதில்லை. பெரிய கேனில் சேர்த்துவைத்து வாங்க வருகிறவர்களிடம் கொடுப்பார். அன்றைக்குச் சித்தப்பா ஒரு பழைய தகரத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். கொட்டகையின் தூண்களில் கரையான் ஏறியிருந்தது. அடிமரத்தில் பூச வேண்டும் என்றார்.

கிளம்பும் முன் மேஸ்திரி சித்தப்பாவை விடவில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள்ளைக் காட்டினார். கிக்கரைக் கையாலேயே அழுத்தி, முள் இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும், ஓர் இடத்தில் சட்டென்று நடுவுக்கு வருவதையும் பார்க்கச் சொன்னார். “அந்த இடம்தான் வாத்தியாரே. அங்க நிறுத்தி, இந்த லீவரப் பிடிச்சு, ஒரு நூல் தாண்டவிடுங்க. அப்புறம் உதைங்க. அது திருப்பி அடிக்கவே அடிக்காது.” சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனார். செருப்போடவே உதைக்கணும் என்று அதட்டிப் போட வைத்தார். புல்லட் கிளம்பியதும் கடைப் பையன்கள் கைதட்டினார்கள். சித்தப்பா வண்டியைவிட்டு இறங்காமல் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ப்ரீதர் ரப்பரைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கி அனுப்பினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு அய்யம்பாளையம் வரைக்கும் போய்வருகிறார். மலைப்பாதைக்கு அவர் இன்னும் துணியவில்லை. அதற்கு நான் வர வேண்டும். திரும்பி வந்து நடு ஸ்டாண்டு போட்டு, அண்ணி கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார். போன வாரம் பேசியபோது, ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது என்றார். மேல்கோட்டுக்கு இன்னும் இடம் இருக்கிறது, ஊற்றட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம் சித்தப்பா” என்றேன்.

“நானும் அதான் நெனச்சேன்” என்றார்.